தலைக்கவசமும் திடமும்



சென்ற ஞாயிறு பூசை முடிந்தபின் ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். கிரிக்கெட் ஆடத் தலைக்கவசம் வேண்டுமென்று அவர் மகன் பிடிவாதம் செய்கிறானாம். "சாமி, அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் வெறுந்தலையோடு நின்று ஆடவில்லையா? தலைக்கும் கழுத்துக்கும் கவசம் கட்டிக்கொண்டு ஆடுவதும் ஒரு வீரமா?" என்று கேட்டார். கேள்வி சிறியதாகத் தோன்றினாலும் அதற்குள் ஐந்தாம் கற்பனை அடங்கியிருப்பதால், எல்லாருக்குமாக இங்கே பதில் எழுதுகிறேன்.

முதலில் நடந்தவற்றைப் பார்ப்போம். 1962-ல் பார்படோஸ் தீவில் இந்திய அணித் தலைவர் நாரி கான்ட்ராக்டர் வேகப்பந்தால் மண்டையில் அடிபட்டு, மரணத்தின் வாசல்வரை சென்றார். எதிரணி நாட்டுத் தலைவர் பிராங்க் வொரல் அவருக்காகத் தம் இரத்தத்தைக் கொடுத்தார். கான்ட்ராக்டர் பிழைத்தார், ஆனால் மறுபடி டெஸ்ட் பந்தயம் ஆடவில்லை. 1978-ல், அதே தீவில், கிரகாம் யாலப் என்ற ஆஸ்திரேலியர் டெஸ்ட் பந்தயத்தில் முதன்முதலாகத் தலைக்கவசம் அணிந்து வந்தபோது, கூட்டத்தார் கூச்சலிட்டு ஏளனம் செய்தார்கள். ஒருவர் சாகக் கிடந்த ஊரிலேயே, சாகாமலிருக்க வழி தேடியவரைப் பரிகசித்தார்கள்!

1998-ல் டாக்கா நகரில் நம் நாட்டு ஆட்டக்காரர் ராமன் லம்பா, மட்டை பிடிப்பவருக்கு மிக அருகே நின்றிருந்தார். கவசம் அணியச் சொன்னபோது, இன்னும் மூன்று பந்துதானே என்று மறுத்துவிட்டாராம். பந்து நெற்றிப்பொட்டில் பட்டது. சில நாட்களில் மரித்தார்.

இதைத் தைரியம் என்பதா? திடம் என்னும் புண்ணியம் பயத்துக்கும் துணிகரத்துக்கும் நடுவே நிற்பதென்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் போதிக்கிறார். விவேகம் வழிகாட்டாத இடத்தில் திடமும் இல்லை. தேவாலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கும்படி பசாசு தூண்டியபோது சேசுநாதர் மறுத்தார். பயந்து மறுக்கவில்லை, காரணமின்றி உயிரைப் பணயம் வைப்பது சர்வேசுரனைச் சோதிப்பதாகும் என்பதால் மறுத்தார். வேதசாட்சி விசுவாசத்துக்காக உயிர் கொடுக்கிறார். தாய் தன் பிள்ளைக்காகக் கொடுக்கிறாள். மூன்று பந்துக்காகக் கொடுக்க உயிர் நம் சொத்தன்று, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஆனால் கவசம் மட்டும் போதுமா? போதாது. 2014-ல் சிட்னி நகரில் பிலிப் ஹியூஸ் என்னும் 25 வயது வாலிபர் கவசம் அணிந்தே ஆடினார். பந்து கவசத்துக்குக் கீழே கழுத்தில் பட்டு, இரண்டாம் நாள் உயிர் துறந்தார். அமெரிக்கக் கால்பந்தாட்டத்திலோ, கெட்டியான கவசம் வந்தபின் சிலர் அதையே ஆயுதமாக்கி, எதிராளியைத் தலையால் மோதினார்கள். கழுத்தெலும்பு முறிந்து கைகால் விளங்காமற் போனவர்கள் உண்டு. 1976-ல் அவ்விதம் மோதுவதை விதியால் தடுத்த பிறகே அத்தீங்கு குறைந்தது. தன்னைக் காக்கத் தந்த பொருளால் பிறனைத் தாக்கினால், அது நீதிக்கு விரோதமான பாவம்.

பொறுப்பு ஆடுகிறவனுக்கு மட்டும் உரியதா? 2019-ல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் ஸ்டீவ் ஸ்மித் கழுத்தில் அடிபட்டு விழுந்தார். கழுத்துக் காப்பு அசௌகரியமாயிருக்கிறதென்று அவர் அதை அணியவில்லை. அடிபட்ட அன்றே திரும்பவும் ஆட வந்தார்; மறுநாள்தான் மூளை அதிர்ச்சி தெரியவந்தது. நல்ல ஆட்டக்காரனுக்கு ஆட்டத்தின் மேல்தான் கண்ணிருக்கும். பிழைப்பும் புகழும் அதிலேயே இருக்கின்றன. அவனுடைய இஷ்டத்துக்கு விட்டுவிட்டோம் என்று சொல்லி, நடத்துகிறவர்கள் கைகழுவலாகாது. 2023 அக்டோபர் முதல் ஆஸ்திரேலியாவில் வேகப்பந்தை எதிர்கொள்பவர்கள் கழுத்துக் காப்பு அணிந்தே தீரவேண்டுமென்று விதித்தார்கள். மோயீசன் வழியாய் வந்த பழைய கட்டளையும் இதுவே: புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பக்கடவான், எழுப்பாவிட்டால், விழுந்தவனுடைய இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும். விழுந்தவன் ஜாக்கிரதையாக இருந்திருக்கலாமே என்ற சாக்கு அங்கே எடுபடாது.

பார்க்கிறவர்களாகிய நமக்கும் பங்குண்டு. பந்து ஒருவன் தலையில் படும்போது நாம் கைதட்டினால், அந்தக் கைதட்டலுக்கும் ஒருநாள் கணக்குக் கொடுக்க வேண்டும்.

ஆகவே, அந்தத் தகப்பனாருக்கு என் பதில்: மகனுக்குக் கவசம் வாங்கிக் கொடுங்கள். அவன் தலைக்குப் பொருந்துகிறதாவென்று பார்த்து வாங்குங்கள். அடிபட்டால் அன்று ஆடவிடாதேயுங்கள். கவசத்தை அவன் கையில் கொடுக்கும்போது, "உன் தலையைப் போலவே அடுத்தவன் தலையும் சர்வேசுரன் படைத்ததுதான்" என்று ஒரு வார்த்தையும் சொல்லிக் கொடுங்கள். அந்த வார்த்தையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

சர்வேசுரன் உங்கள் பிள்ளைகளை ஆத்தும சரீரத்தில் காத்தருள்வாராக.

உங்கள் பங்குக் குரு