விலை மிக்க மீனும் விலை குறைந்த மீனும்

சென்ற மாதம் தோட்டத்து அலுவலாகக் கோலாலம்பூருக்குச் சென்றிருந்த நாம், வேலை முடிந்து பஸ் புறப்பட இரண்டு மணி நேரம் மிஞ்சியிருந்தபடியால், அலங்கார மீன் விற்கும் கடையொன்றினுள் நுழைந்தோம். பட்டணத்து நண்பர் ஒருவர் உடன் வந்தார். கடையின் முன்புறமெல்லாம் நன்னீர் மீன்கள். பின்புறம் நீல விளக்கெரியும் தனியறை. அங்கே கடல்நீர்த் தொட்டிகள். அவற்றுள் ஒன்றில் ஒரே ஒரு மீன் நீந்திக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுதான். தொட்டியின் கீழ் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தோம். அதில் கண்ட தொகை நம் நான்கு மாதச் சம்பளத்திற்குக் குறையாது. நண்பர் அதை உரக்கப் படித்துவிட்டு, "கிராணியாரே, இதை வாங்குகிறவனுக்கு ஒன்று பைத்தியம் பிடித்திருக்க வேண்டும், இல்லையேல் பணம் பிடித்திருக்க வேண்டும்" என்றார்.

நாமும் சிரித்தோம். தோட்டத்திற்குத் திரும்பும் வழியெல்லாம் மனத்துள் ஒரு கண்டனக் கட்டுரை உருவாகிக்கொண்டே வந்தது. ஏழையின் உலையில் அரிசி இல்லாதபோது மீனுக்குப் பொன்னை அள்ளிக் கொடுக்கும் செல்வர்களைச் சாடி நான்கு பக்கம் எழுதுவது கடினமன்று. அதைப் படித்துத் தலையசைப்பதும் கடினமன்று. எழுத உட்கார்ந்த பின்னர்தான் பேனா நின்றுவிட்டது. அந்தச் சீட்டில் எழுதியிருந்த தொகை எதனுடைய விலை என்பதை நாம் அறியாமலே கண்டிக்கப் புகுந்தோம் என்பது அப்பொழுதுதான் புலப்பட்டது.

உலகில் மிக்க விலை பெற்ற கடல்மீன்களுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பசிபிக் மாகடலில் குக் தீவுகள் என ஒரு கூட்டம் உண்டு. அவற்றுள் ரரோதொங்கா என்னும் தீவையடுத்த ஆழ்கடற் பாறைகளில், செந்நிறமும் வெண்ணிறமும் பட்டை பட்டையாக மாறிவரும் சிறுமீன் ஒன்று வாழ்கிறது. மிட்டாயின் நிறத்தை நினைவூட்டுவதால் அதற்குப் 'பெப்பர்மிண்ட் ஏஞ்சல்' என்று பெயரிட்டனர். ஹானலூலு நகரத்து வைக்கீக்கி மீன் காட்சிசாலையில் வைக்கப்பட்ட ஒன்றுக்கு 30,000 அமெரிக்க டாலர் மதிப்புச் சொல்லப்பட்டது. இம்மீன் 50 மீட்டருக்குக் கீழே, 100 மீட்டருக்கு அப்பாலும் வாழ்வது. அவ்வளவு ஆழத்திற்குச் செல்லும் மூழ்காளர் சாதாரணக் காற்றைச் சுவாசித்தல் ஆகாது. வாயுக்களைக் கணக்கிட்டுக் கலந்து கொண்டுபோக வேண்டும். அடியில் அவர் இருப்பது சில நிமிஷமே. மேலேறி வருவதற்கோ மணிக்கணக்காகும். அவசரப்பட்டு ஏறினால் இரத்தத்தில் கரைந்துள்ள வாயு குமிழிகளாகி, நரம்பையும் மூளையையும் தாக்கும். மீனுக்கும் இதே ஆபத்து உண்டு. அதன் வயிற்றிலுள்ள காற்றுப்பை உப்பிவிடாமல் மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும், அல்லது ஊசியால் காற்றை வெளியேற்ற வேண்டும்.

இம்மீனை 1992-ஆம் ஆண்டில் அறிவுலகத்திற்கு விவரித்தவர் இருவர். அவருள் ஒருவரான ரிச்சர்டு பைல் என்பார், அதற்கு ஆறாண்டுகள் முன்னர், 1986-இல், பலாவ் தீவில் ஆழத்திற்கு மூழ்கி, ஏறும் முறை தவறி, உடல் செயலிழந்து கிடந்து பின்னர்த் தேறியவர். அப்பொழுது அவருக்கு வயது பத்தொன்பது. தேறியபின் மீண்டும் ஆழத்திற்கே சென்றார் என்பதை என்னவென்று சொல்வது! ஆகவே, சீட்டில் எழுதிய தொகையில் மனிதனுடைய நரம்பும் மூச்சும் ஒரு பங்கு. மீனைத் தனிப்பையில் இட்டுப் பிராணவாயு நிரப்பி, அது மிதக்கும் தண்ணீருக்கும் சேர்த்து விமானக் கூலி கட்டுவது இன்னொரு பங்கு. வழியில் செத்துப்போகும் மீன்களின் நஷ்டமும் பிழைத்த மீனின் தலையிலேயே ஏறும். இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால் அந்த விலையைக் கொள்ளை என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

ஆனால் கணக்கெழுதிப் பழகிய கண் அத்துடன் நிற்பதில்லை. தொகை யார் கைக்குப் போகிறது என்று பார்க்கும். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பைச் சேர்ந்தோர் 2003-இல் வெளியிட்ட அறிக்கையொன்றில், உலகத்தில் ஆண்டுதோறும் 2 கோடிக்கு மேற்பட்ட கடல்மீன்கள் அலங்காரத்திற்காக விற்கப்படுகின்றன என்று மதிப்பிட்டார்கள். ஒரு தீவு நாட்டில் 2000-ஆம் ஆண்டில் அலங்கார மீன் ஒரு கிலோ ஏறக்குறைய 500 டாலர் பெற்றதாம். உண்பதற்குப் பிடித்த பாறை மீன் ஒரு கிலோ 6 டாலரே பெற்றதாம். உண்ணும் பொருளுக்கு 6, பார்க்கும் பொருளுக்கு 500! இதைக் கேட்டதும் மீனவன் செழித்திருப்பான் என்று தோன்றும். உண்மை வேறு. வலையை ஏந்திக் கடலில் இறங்குபவனுக்கும் கண்ணாடித் தொட்டியில் கைவிட்டுத் துழாவும் கடைக்காரனுக்கும் இடையே தரகர், ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், மொத்த வியாபாரி என்று எத்தனையோ கைகள். ஒவ்வொரு கையிலும் விலை ஏறும். முதற்கையில் விழுவது சில்லறை.

இவ்வியாபாரம் நேற்றுத் தோன்றியதன்று. இலங்கையில் 1930-களிலேயே சிறு அளவில் தொடங்கியது. இன்றும் ஏராளமான அலங்கார மீன்கள் சிங்கப்பூர் வழியாகவே உலகுக்குச் செல்கின்றன. நம்மவர் பலர் ஆகாய விமானத்தில் ஏறுமுன்னரே மீன்கள் ஏறிவிட்டன என்று நண்பர் வேடிக்கையாகச் சொன்னார்.

இனி வாங்குகிறவனுடைய மனத்தைப் பார்ப்போம். 1776-இல் வெளிவந்த தம் நூலில் ஆதாம் ஸ்மித் என்னும் பொருளாதார அறிஞர், உயிர் காக்கும் தண்ணீர் மலிவாகவும் ஒன்றுக்கும் உதவாத வைரம் கிராக்கியாகவும் இருப்பதன் விந்தையை எடுத்துக்காட்டினார். மீன் விஷயத்தில் அவ்விந்தை இன்னும் வேடிக்கையானது. மெக்சிகோ நாட்டுக்கு மேற்கே ரெவியாஹிஹேதோ என்னும் தீவுகளை அடுத்து வாழும் கிளாரியன் ஏஞ்சல் என்ற மீன், நெருப்பைப்போல் செம்மஞ்சள் நிறமுடையது. நெடுங்காலம் அது ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்றது. பின்னர் 2010-களில் பாலித் தீவிலுள்ள பண்ணையொன்றில் அதைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்த்தார்கள். இது எளிய காரியமன்று. பெரும்பாலான கடல்மீன்களின் குஞ்சுகள் கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறுமை வாய்ந்தவை. நடுக்கடலில் மிதந்தபடி, தம்மினும் சிறிய உயிர்களை உண்டு வளர்பவை. அவற்றுக்கு இரை தேடிக் கொடுப்பதிலேயே முயன்றவர் பலர் தோற்றனர். அம்முயற்சி பலித்ததும் மீன் கிடைப்பது எளிதாயிற்று, விலையும் இறங்கிற்று. 2016-இல் ஜோகன்னஸ்பர்க் நகரில் கூடிய உலக நாடுகள், காட்டில் பிடித்த கிளாரியன் மீனை அனுமதிச் சீட்டின்றி நாடு கடத்தலாகாது என்றும் விதித்தன.

மீனில் என்ன மாறிற்று? ஒரு செதிலும் மாறவில்லை. அதே நெருப்பு, அதே நடை. பத்தாயிரம் கொடுத்து வாங்கியபோது இராப் பகலாய்ப் பார்த்து மகிழ்ந்த ஒருவன், அயல்வீட்டானிடமும் அது வந்துவிட்டது என்று கேட்டவுடன் முகத்தைத் திருப்பிக்கொண்டானாகில், அவன் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தது மீனையல்ல. பிறரிடம் இல்லாமையைப் பார்த்துக்கொண்டிருந்தான். விலை இறங்கியும் அவன் கண் இறங்கவில்லையாகில், அவன் கொடுத்த பணத்தைப்பற்றிப் பேச நமக்கு உரிமை இல்லை. இச்சோதனையை மீனோடு நிறுத்த வேண்டுவதில்லை. நம் வீட்டுக் கலியாணங்களில் பெண்ணின் கழுத்தில் ஏற்றும் சங்கிலிகளை எண்ணிப் பார்த்தாலும் தெரியும். ஆனால் அது வேறு கட்டுரை.

இதுவரை எழுதியவற்றைப் படித்தபோது, செல்வரைச் சாடுவதற்குப் பாதி நியாயமாவது கிடைத்தது என்று மகிழ்ந்தோம். ஒளிப்பானேன்? அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை. நம் வீட்டு மாடத்தில் கவிழ்த்து வைத்திருக்கும் சிறு கண்ணாடித் தொட்டி நினைவுக்கு வந்தது.

சென்ற ஆண்டு நம் மகளின் பிறந்தநாளுக்கு அத்தொட்டியை வாங்கினோம். உப்புப் பொடியைக் கரைத்து நீர் நிரப்பி, அன்றே ஒரு நீல மீனை விட்டோம். கடலில் கொத்துக் கொத்தாகத் திரியும் சாதி. விலை 7 வெள்ளி. ஐந்தாம் நாள் காலை அது பக்கவாட்டில் மிதந்தது. புதுத் தொட்டியில் மீனின் கழிவு நஞ்சாகிவிடும் என்பதும், அந்நஞ்சை உண்டு மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகுவதற்குச் சில வாரங்கள் பொறுக்க வேண்டும் என்பதும் பின்னர்ப் படித்தறிந்தவை. கடைக்காரர் சொல்லவில்லை; நாம் கேட்கவுமில்லை. மகள் அழுதாள். அவளுக்கு நாம் சொன்ன ஆறுதல் இது: "அழாதே அம்மா, ஏழு வெள்ளிதானே, வேறொன்று வாங்கிக்கொள்வோம்." வாங்கினோம். அதுவும் செத்தது.

நான்கு மாதச் சம்பளத்தை ஒரு மீனுக்குக் கொடுத்தவன் இவ்வாறு செய்திருப்பானா? நீரின் உப்பையும் சூட்டையும் நாள்தோறும் அளந்திருப்பான். மின்சாரம் நின்றால் நடுநிசியில் எழுந்திருப்பான். அவனுடைய ஆடம்பரம் ஒரு மீனைக் காத்தது. நம்முடைய சிக்கனம் இரண்டைக் கொன்றது.

மலிவின் கதை கடலில் இன்னும் கொடியது. பிலிப்பைன்ஸ் தீவுகளில் 1960-கள் தொட்டு, சயனைடு என்னும் கொடிய நஞ்சைக் கரைத்துப் பாறை இடுக்குகளில் பீய்ச்சி, மயங்கும் மீன்களை வாரியெடுக்கும் வழக்கம் பரவியது. பவளம் மடியும், தப்பிய மீன்களும் பல நாள் கழித்துத் தொட்டியில் சாகும். விரைவாகவும் மலிவாகவும் பிடிப்பதற்குரிய வழி அது. நமக்கு இன்னும் அணித்தான ஓர் உதாரணம், சுலவேசியை அடுத்த பங்காய்த் தீவுகளின் கறுப்பு வெள்ளைச் சிறுமீன். அவ்வினத்தில் தந்தையே முட்டைகளை வாயில் சுமந்து, குஞ்சுகள் வெளிவரும்வரை உணவின்றிக் காக்கிறது. குஞ்சுகள் வெகுதூரம் மிதந்து செல்வதுமில்லை. பிறந்த பாறையிலேயே வளர்கின்றன. ஆகையால் ஓரிடத்தில் வாரிவிட்டால் அவ்விடம் வெறுமையாகிவிடும். 1990-களின் நடுவில் வெளிநாட்டார் கண்ணில் பட்டபின், ஆண்டுக்கு 6 இலட்சத்திற்குக் குறையாமல் பிடிக்கப்பட்டது என்று ஆராய்ந்தவர்கள் மதிப்பிட்டார்கள். பிடித்தவனுக்கு மீனொன்றுக்குக் கிடைத்தது சில காசு. 2007-இல் அது அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. முப்பதாயிரம் டாலர் மீனை ஆழமும் விலையும் காத்து நின்றன. பங்காய் மீனோ முழங்கால் தண்ணீரில் கிடைத்தது, அதற்குக் காவலில்லை.

மீன் வியாபாரிகளின் கணக்கில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியைப் பிரிக்கும்போதே செத்துக் கிடக்கும் மீன்களை எண்ணித் தனியே குறித்து, அடுத்த பட்டியலில் கழித்துக்கொள்வார்கள். இதை அறிந்தபோது நம் மனம் கடலைவிட்டுத் தோட்டத்திற்கு வந்துவிட்டது. 1910-இல் ஒழிக்கப்பட்ட ஒப்பந்த முறையின் கீழ் இங்கே கொண்டுவரப்பட்டவர்களைப்பற்றி நம் வீட்டு மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். காட்டை வெட்டிய இடங்களில் மலைக்காய்ச்சல் வாரிக்கொண்டு போயிற்று. புதிய ஆளை வரவழைப்பது, இருக்கும் ஆளுக்கு மருந்து கொடுப்பதினும் மலிவாகத் தோன்றிய இடத்தில், சாவும் ஒரு கழிவுக் கணக்காகவே எழுதப்பட்டிருக்கும். எழுதியவரும் நம்மைப்போல் ஒரு கிராணியாராகவே இருந்திருப்பார். வீட்டில் அவரும் நல்ல தகப்பனாராக இருந்திருக்கக் கூடும்.

மனிதரையும் மீனையும் ஒரே தராசில் வைக்கிறோம் என்று சினக்கும் அன்பர்களுக்கு ஒரு சொல். நாம் தராசில் வைப்பது நம் நாவைத்தான். 'ஏழு வெள்ளிதானே' என்று அது எவ்வளவு எளிதாகச் சொல்லிற்று! யாரும் கற்றுக்கொடுக்காமலே சொல்லிற்று.

நண்பரிடம் இதையெல்லாம் தொலைபேசியில் சொன்னோம். "அப்படியானால் அந்த நான்கு மாதச் சம்பளக்காரனை மன்னித்துவிட்டீர்களா?" என்றார். மன்னிக்கவில்லை என்றோம். அவன் கொடுத்த பணத்தில் மூழ்கினவனுக்கு எவ்வளவு சேர்ந்தது என்று கேட்காதவரையில் அவன் கணக்கும் முடியவில்லை. ஆனால் நம் கணக்கை முடித்துக்கொண்டு அவனிடம் போவதுதான் முறை. பெப்பர்மிண்ட் மீனின் அறிவியற் பெயரில் அதைப் பிடித்துக் கொடுத்த மூழ்காளர் ஒருவருடைய பெயர் சேர்ந்திருக்கிறது. நம் 7 வெள்ளி மீனைப் பிடித்தவன் யார், அவன் மூச்சு எப்படியிருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

சென்ற வாரம் மாடத்திலிருந்து தொட்டியை இறக்கிக் கழுவினோம். பண்ணையில் பிறந்த பங்காய் மீன் கிடைக்குமா என்று கடைக்காரரைக் கேட்டதற்கு, கிடைக்கும், ஆனால் பிடித்த மீனைவிடச் சற்று விலை கூடும் என்றார். இப்படிக் கேட்பவர் அதிகமில்லை என்றும் சொன்னார். ஒரு ஜோடிக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். நீரும் உப்பும் கல்லும் இட்டாயிற்று. ஆறு வாரம் வெறுமனே ஓடவிட வேண்டும். மகள் மாலைதோறும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, மீனில்லாத அந்தத் தண்ணீரின் முன் உட்கார்ந்து, இன்னும் எத்தனை நாள் என்று கேட்கிறாள்.