ஆப்பைப் பிடுங்கிய கதை

எனக்குச் சங்கீதம் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மின்சாரக் கிட்டாரைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று பின்னால் யாராவது கேட்டால், முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டுவிட்டேனே என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் அல்லவா?

விஷயம் இதுதான். குளச்சலில் கடலுக்குப் போகும் சாலையில் ஓர் ஆக்கர் கடை இருக்கிறது. பழைய இரும்பையும் பித்தளையையும் எடைக்கு வாங்கும் கடைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். கிழிந்த வலைகள், உடைந்த மின்விசிறிகள், படகிலிருந்து கழற்றிய துருப்பிடித்த சாமான்கள் ஆகியவற்றுக்கு நடுவே ஒரு மின்சாரக் கிட்டார் தலைகீழாகச் சாய்ந்து நின்றது. என் தங்கை மகன் கல்லூரியில் படிக்கிறான். ஒரு வருஷமாகக் கிட்டார், கிட்டார் என்று என் பிராணனை வாங்கிக்கொண்டிருந்தான். புதிதாக வாங்கிக் கொடுக்க எனக்கு மனசு இருந்தது, பணம் இல்லை. நான் அதைத் தொட்டுப் பார்ப்பதைக் கண்ட கடைக்காரர், "கொண்டு போங்க சாரே. இல்லாட்டா இரும்பத் தனியாட்டு எடுத்துட்டு, தடிய அடுப்புக்குக் குடுத்துருவேன்" என்றார். இந்தப் பயமுறுத்தலுக்கு நான் பணிந்துவிட்டேன். இரண்டாயிரம் ரூபாய்.

பிறர் உபயோகித்ததை வாங்குவதில் குளச்சல்காரனுக்கு வெட்கம் கிடையாது. 1741-ல் இந்தக் கடற்கரையில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த மார்த்தாண்டவர்மா, பிடிபட்ட டி லனாய் என்ற அதிகாரியைத் தம் படைக்கே வைத்துக்கொண்டார். எதிரி உபயோகித்துத் தோற்ற அந்த மனிதர் 1777-ல் சாகும்வரை 36 வருஷம் திருவிதாங்கூருக்கு உழைத்தார். இப்போதும் உதயகிரிக் கோட்டைக்குள் அவருடைய கல்லறை இருக்கிறது. அவ்வளவு லாபகரமான பழைய சரக்கு எனக்கு வாய்க்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தபோது கண்ணீர் வந்தது. வெள்ளை வர்ணம் மஞ்சளாகிவிட்டிருந்தது. தலைப்பகுதியில் கம்பெனியின் பெயரே இல்லை. முதுகில் யாரோ ஒரு நங்கூரத்தைக் கூரிய முனையால் கீறியிருந்தார்கள். எல்லாவற்றையும் விட மோசம் உப்பு. கடற்கரையில் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஜன்னல் கம்பியைத் தின்னும் காற்று கிட்டாரை மட்டும் விட்டுவைக்குமா? கம்பிகளைத் தாங்கும் சிறிய இரும்புத் துண்டுகள் ஆறு. ஒவ்வொன்றின் உயரத்தையும் சரிசெய்ய இரண்டிரண்டு நுண்ணிய திருகாணிகள். பன்னிரண்டும் துருவால் ஒன்றோடொன்று பிணைந்து கிடந்தன. தினம் சாயங்காலம் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டு, மறுநாள் ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்து, பத்தை விடுவித்தேன். இரண்டு முறிந்துவிட்டன. திங்கள்நகரில் ஒரு ரேடியோ மெக்கானிக் உள்ளே இருந்த மின்சார வேலையைப் பார்த்துக்கொண்டார். கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்-அப் என்பது காந்தத்தைச் சுற்றி, தலைமயிரைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஏழாயிரம், எட்டாயிரம் தடவை சுற்றியது. மூன்றில் ஒன்றில் அந்தக் கம்பி எங்கோ உப்பால் அரித்து அறுந்திருந்தது. "இத நோண்டாதீங்க, வேற போடலாம்" என்றார். போட்டோம்.

இனி நான் செய்த தவறுக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு சின்ன விளக்கம் தேவை.

வீணையில் தந்தியைத் தாங்குவதைக் குதிரை என்கிறோம். கிட்டார்க்காரர்கள் பிரிட்ஜ் என்கிறார்கள். வீணையின் குதிரை அசையாது. இந்தக் கிட்டாரின் குதிரையோ உண்மையிலேயே முன்னங்காலைத் தூக்கும் குதிரை. 1954-ல் வெளிவந்த ஸ்ட்ராடோகாஸ்டர் என்ற கிட்டாரில் லியோ ஃபெண்டர் என்ற அமெரிக்கர் செய்த ஏற்பாடு அது. பிற்பாடு உலகம் முழுவதும் அதைப் பார்த்துச் செய்தார்கள். என்னுடையதும் அந்த வம்சம்தான். பிரிட்ஜின் அடியில் கனமான ஓர் உலோகக் கட்டை கிட்டாரின் உடலைத் துளைத்து உள்ளே தொங்குகிறது. முதுகுப்புறக் குழிக்குள் மூன்று முதல் ஐந்து ஸ்பிரிங்குகள் அந்தக் கட்டையை இழுத்துப் பிடித்திருக்கின்றன. முன்பக்கம் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ எடை தொங்குவது போன்ற விசையில் இழுக்கின்றன. பின்பக்கம் ஸ்பிரிங்குகள் அதே அளவுக்கு எதிர்த்து இழுக்கின்றன. இந்தப் போட்டியில் யாரும் ஜெயிக்காத நிலையில் பிரிட்ஜ் அந்தரத்தில் நிற்கிறது. ஒரு கைப்பிடியை அழுத்தினால் எல்லாச் சுருதியும் ஒருசேரத் தாழ்ந்து, விட்டதும் திரும்பி வருகிறது. இதற்கு டிரெமலோ என்று பெயர். பெயர் தவறு, ஒலி கூடிக் குறைவதுதான் டிரெமலோ, சுருதி ஏறி இறங்குவதற்கு விப்ராட்டோ என்று பெயர். ஃபெண்டர் அடிப்படையில் ரேடியோ ரிப்பேர் செய்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். இதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட ஆறுதல் கொஞ்சமல்ல.

முதுகு மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, அந்த உலோகக் கட்டைக்கும் கிட்டாரின் மரத்துக்கும் நடுவே, இரண்டு விரல் அகலத்தில் ஒரு மரத்துண்டை இறுக்கி அடைத்திருப்பதைக் கண்டேன். ஆடவேண்டிய பிரிட்ஜை ஆடவிடாமல் செய்த ஆப்பு. முன்பு வைத்திருந்தவனுக்கு இது எதற்கு இருக்கிறது என்றே தெரியவில்லை என்று எண்ணி, தனியாக இருந்தும் வாய்விட்டுச் சிரித்தேன். ஆப்பைத் தட்டி எடுத்தேன். புது ஸ்பிரிங் போட்டேன். பிறகு இரண்டு வாரம் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது? முதல் கம்பியைச் சுருதி கூட்டினால் மற்ற ஐந்தும் இறங்கும். ஐந்தையும் ஏற்றினால் பிரிட்ஜ் முன்னால் சாயும். ஸ்பிரிங்கை முறுக்கினால் ஆறும் ஏறிவிடும். கூட்டுக் குடும்பத்தில் ஒரு மருமகளுக்குப் புடைவை எடுத்தவனுக்குத்தான் இந்த அனுபவம் புரியும். கடைசியில் ஒருநாள் எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. மருமகன் கைப்பிடியை அழுத்தி விட்டபோது, ஓர் அலை கரைக்கு வந்து திரும்பியது போல நாதம் தாழ்ந்து எழுந்தது. "மாமா!" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

கடற்கரைக் கோயில் ஒன்றின் திருவிழாவில், அவனுடைய சிநேகிதர்களின் பாட்டுக்குழுவில் அவன் வாசித்தான். நானும் போயிருந்தேன். இரண்டாவது பாட்டின் நடுவில் ஒரு கம்பி அறுந்தது. சாதாரணக் கிட்டாரில் மிச்சம் ஐந்தை வைத்துப் பாட்டை ஒப்பேற்றிவிடலாம். இதிலோ, ஒரு கம்பியின் இழுப்பு குறைந்ததும் ஸ்பிரிங்குகள் ஜெயித்துவிட்டன. மற்ற ஐந்தும் சுருதி ஏறிவிட்டன. ஒரு ஸ்வரம்கூடப் பொருந்தவில்லை. பையன் கையை எடுத்துவிட்டுத் தலை குனிந்து நின்றான். அத்தனை ஜனத்துக்கு முன்னால் பத்தொன்பது வயசுப் பையன் அப்படி நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சின்ன விஷயம் அல்ல என்று.

பிறகு ஆர்மோனியம் வாசிக்கும் பெரியவர் ஒருவர் வந்து கிட்டாரைத் திருப்பிப் பார்த்தார். நங்கூரத்தை விரலால் தடவினார். "இது அந்தப் பயலுக்க கிட்டாரு இல்லியா? ஒம்பது வருசம் நம்ம கூட வாசிச்சான். கம்பி எத்தனையோ தடவ அறுந்திருக்கு, பாட்டு நின்னதில்ல. உள்ள ஒரு தடிக்கஷணம் வச்சு அடிச்சிருந்தானே, அது எங்க?"

அது எங்கள் வீட்டு வெந்நீர் அடுப்பில் போய் ஒரு மாசம் ஆகியிருந்தது.

பஞ்சதந்திரத்தில் ஒரு குரங்கு வருகிறது. தச்சன் பாதி பிளந்த மரத்தில் ஆப்பு அடித்துவிட்டுச் சாப்பிடப் போனான். குரங்கு அதைப் பிடுங்கி, பிளவில் அகப்பட்டுச் செத்தது. தனக்குச் சம்பந்தமில்லாத காரியத்தில் தலையிடாதே என்று அதற்கு நீதி சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு அந்த நீதியில் இப்போது திருப்தியில்லை. கிட்டார் எனக்குச் சம்பந்தமில்லாதது அல்ல. காசு கொடுத்து வாங்கியவன் நான். விற்றவனுக்கு அதன்மேல் எந்தப் பாத்தியதையும் இல்லை. ஆனாலும் எனக்குக் குற்றம் செய்தது போலவே இருந்தது. யாருக்குச் செய்த குற்றம்? இதுதான் விளங்கவில்லை.

யோசித்துப் பார்த்தால், பழைய பொருள் ஒன்றில் நாம் காண்பவை எல்லாம் ஒரே வகை அல்ல. துரு யாருடைய தீர்மானமும் அல்ல, காற்றின் வேலை. அதைத் துடைக்க யாரையும் கேட்கவேண்டியதில்லை. நங்கூரக் கீறல் வேறு வகை. அது ஒரு மனிதன் இங்கே இருந்தான் என்பதற்கு அடையாளம். மருமகன் அதன்மேல் வர்ணம் அடிக்கச் சொன்னான். தலையில் பிரசித்தமான கம்பெனியின் பெயரை ஸ்டிக்கராக ஒட்டலாம் என்றும் சொன்னான். ஸ்டிக்கர் பொய் என்று அவனுக்குப் புரியவைக்க முடிந்தது. புது வர்ணமும் கொஞ்சம் பொய்தான் என்று சொன்னபோது சிரித்தான். வேடிக்கை என்னவென்றால், 1990-களின் நடுவிலிருந்து ஃபெண்டர் கம்பெனியே புதுக் கிட்டார்களைச் சுரண்டி, தேய்த்து, நாற்பது வருஷம் வாசித்தது போலாக்கி அதிக விலைக்கு விற்கிறது. பணம் கொடுத்து வடு வாங்கும் உலகத்தில் நாங்கள் இலவசமாகக் கிடைத்த வடுவை அழிக்கப் பார்த்தோம்.

மூன்றாவது வகைதான் ஆப்பு. அது அழுக்கும் அல்ல, அடையாளமும் அல்ல. அது ஒரு பதில். ஏதோ ஒரு திருவிழாவில் அவனும் தலை குனிந்து நின்றிருப்பான்; மறுநாள் உட்கார்ந்து யோசித்திருப்பான். டிரெமலோவின் அழகை விட்டுக்கொடுத்து, பாட்டு நிற்காமல் இருப்பதை அவன் வாங்கிக்கொண்டான். எரிக் கிளாப்டன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலக் கலைஞரும் தம் கிட்டாரில் இதே இடத்தில் மரத்துண்டை அடைத்து வைத்திருப்பவர்தான். அவர் செய்தால் அது ரசனை. குளச்சல் பையன் செய்தால் அறியாமை. நான் சிரித்த சிரிப்பின் லட்சணம் அது.

பழைய கட்டடங்களைப் பற்றி ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. பழையதைப் புதுப்பிப்பதே அதை அழிப்பதுதான் என்று இங்கிலாந்தில் ரஸ்கின் 1849-ல் எழுதினார். பிரான்சில் வியோலே-லெ-தூக் என்ற கட்டடக் கலைஞரோ, ஒரு காலத்திலும் இருந்திராத பூரண நிலைக்குக்கூட ஒரு கட்டடத்தைக் கொண்டுவரலாம் என்றார். நான் தெரியாமலே இந்தப் பிரெஞ்சுக்காரரின் கட்சியில் இருந்திருக்கிறேன். தொழிற்சாலையில் யாரோ நினைத்த கிட்டாரை மீட்டேன். ஒன்பது வருஷம் வாசிக்கப்பட்ட கிட்டாரைத் தொலைத்தேன். நம் வீணைக்காரர்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. மெட்டுகளைத் தாங்கும் மெழுகு தளர்ந்தால் உருக்கி மறுபடி பதிப்பார்கள். பாட்டி வாசித்த வீணை பேத்தியிடம் வரும்போது மெழுகு எத்தனையோ முறை மாறியிருக்கும். வாசிப்பதற்காகத்தான் மாற்றினார்கள் என்பதால், இது பாட்டியின் வீணைதானா என்று யாரும் கேட்பதில்லை.

இதற்கு ஒரு பலமான ஆட்சேபணை உண்டு. பழசில் இருப்பதெல்லாம் யாரோ யோசித்து வைத்த பதில் என்று கும்பிடு போட ஆரம்பித்தால், எதைத்தான் திருத்துவது? எங்கள் சீமைக்காரன் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. இதே மண்ணில் பெண்கள் தோளில் சீலை போடக்கூடாது என்று ஒரு வழக்கம் இருந்தது. போராடிப் போராடி 1859-ல் திருவிதாங்கூர் அரசர் உத்தரவு போட்டார். அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்ற நிபந்தனை அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வழக்கத்துக்கும் காரணம் சொன்னவர்கள் இருந்தார்கள். அதைப் பிடுங்கியவர்களைக் குரங்கு என்று சொல்ல எந்த நாக்கு கூசாது?

இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. கிட்டாரில் ஆப்பு வைத்தவனும் அதனால் இழந்தவனும் ஒருவனே. தன் கைக்குத் தானே விதித்துக்கொண்ட கட்டு. மற்றதில், வைத்தவன் ஒருவன், சுமந்தவள் வேறொருத்தி. ஆகவே ஆப்பைக் கண்டால் கும்பிடவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். யார் வைத்தது, யார் சுமந்தது என்று விசாரிக்கலாம். எனக்கு விசாரிக்கத் தோன்றவில்லை. குளச்சல் பெரிய பட்டணம் அல்ல. நங்கூரம் கீறிய கிட்டார் யாருடையது என்று இரண்டு பேரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

ஓர் ஆசாரியைப் பிடித்து, பலாவில் ஒரு துண்டு செதுக்கி வாங்கி அதே இடத்தில் அடைத்தேன். மருமகனுக்கு வருத்தம்தான். அவனுக்கு அந்த அலை பிடித்திருந்தது. இப்போது அதை வாசிக்கிறவன் நீ, உனக்கு வேண்டாமென்றால் எடுத்துவிடு என்றேன். எடுக்கவில்லை.

போன கிறிஸ்துமஸுக்குப் பழைய சொந்தக்காரன் வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருந்தான். அங்கே மீன்பிடிப் படகில் வேலை. பெரியவர் அழைத்துக்கொண்டு வந்தார். முப்பது வயசிருக்கும், வாசல் திண்ணையில் கூச்சத்தோடு உட்கார்ந்தான். கிட்டாரைக் கொடுத்ததும் முதலில் திருப்பி நங்கூரத்தைப் பார்த்தான். பிறகு வாசித்தான். நான் ஒரு மாசமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பைச் சொன்னேன். அந்த மரத்துண்டு என்ன மரம், எங்கே எடுத்தது என்றும் கேட்டேன். ஏதாவது கதை இருக்கும் என்று என் எழுத்துக்காரப் புத்தி எதிர்பார்த்தது.

"அது ஏதோ கெடந்த துண்டு சாரே" என்று சிரித்தான்.

எனக்கு நிம்மதியாக இருந்திருக்கவேண்டும். இருக்கவில்லை. அவன் மூடியின் மேல் காதை வைத்து, பிரிட்ஜை விரலால் அழுத்திப் பார்த்தான். "இது கொஞ்சம் லூசா இருக்கு. ஸ்குரூ டிரைவர் உண்டா?" என்றான்.

எடுத்து வர உள்ளே போனேன்.