நீக்கப்பட்ட குரலுக்கு உரியவர் யார்?

பல ஆண்டுகளுக்கு முன்னர் நண்பரொருவர் எனக்கு ஒரு கெசட் தந்தார். அதன் உறையில் நீல மையினால் ‘டப் - 2’ என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது. பாடியவர் யார், வாசித்தவர் யார், எங்கே பதிவானது என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. போட்டுக் கேட்டேன். ஒருவர் பாடத் தொடங்குகின்றார். ஒரு வரி முடிவதற்குள் குரல் அறுந்துபோகின்றது. கடைசிச் சொல்லின் எதிரொலி தேய்ந்து மறைய, பேஸ் கிட்டாரும் ட்ரம்ஸும் தனியே நடக்கின்றன. அந்த வெறுமை எனக்குப் பிடித்துப்போயிற்று. அறுந்த குரல் யாருடையது என்று அன்று நான் கேட்கவில்லை.

டப், ஜமைக்காவின் ரெகே இசையிலிருந்து பிறந்தது. 1960களின் இறுதியில் கிங்ஸ்டன் நகரில், ஒரு பாடலின் குரலை நீக்கிய வடிவத்தை இசைத்தட்டின் மறுபக்கத்தில் பதிக்கும் வழக்கம் தோன்றியது. மின்சாதனங்கள் திருத்திக்கொண்டிருந்த கிங் டபி, 1970களில் அதை ஒரு கலையாக வளர்த்தெடுத்தார். நான்கு தடங்கள் கொண்ட நாடாவில் தாளம் ஒரு தடத்திலும் குரல் இன்னொரு தடத்திலும் இருக்கும். அவர் குரலின் தடத்தை அடைப்பார். ஒரு கணம் திறப்பார். அந்தக் கணத்தில் சிந்திய சொல்லை எதிரொலிக் கருவிக்குள் அனுப்பிவிடுவார். சேர்ப்பது மட்டுமல்ல, நீக்குவதும் படைப்புத்தான் என்று காட்டியவர் அவர். 1989 பெப்ரவரியில், தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே நகரின் நோர்த் பரேட்டில், வின்சன்ட் சின், பட்ரீசியா சின் தம்பதியரின் இசைத்தட்டுக் கடைக்கு மேல்மாடியில் இயங்கியது ‘ரேண்டிஸ்’ என்ற ஸ்டூடியோ 17. பொப் மார்லியும் வேலர்ஸும் அங்கு பாடியிருக்கின்றார்கள். வின்சன்டின் மகன் கிளைவ் சின்னின் தயாரிப்பில் ஒகஸ்டஸ் பாப்லோ ‘ஜாவா’வை வாசித்ததும் அங்குதான். 1970களின் பிற்பகுதியில் அக்குடும்பம் நியூயோர்க்குக்குப் புலம்பெயர்ந்தது. நாடாக்கள் கிங்ஸ்டனிலேயே கிடந்தன. கட்டடம் சூறையாடப்பட்டது, 1988 செப்டெம்பரில் கில்பர்ட் சூறாவளியும் வந்து போனது. அத்தனைக்கும் தப்பிய நாடாக்கள் மீட்கப்பட்ட கதையை, 2019இல் ஓர் ஆவணப்படம் சொன்னது.

மீட்பு மகிழ்ச்சிக்குரியது, மறுப்பதற்கில்லை. ஆனால் மீட்கப்பட்ட ஒலி யாருக்குச் சொந்தம்? நாடா, ஸ்டூடியோக்காரரின் பணத்தில் வாங்கப்பட்டது. அக்காலத்தில் வாத்தியக்காரர்கள் பலர் ஒரு பாட்டுக்கு ஒரு கூலி என்று வாங்கிக்கொண்டு போனவர்கள். அதே தாளத்தின் மீது பிற்பாடு எத்தனை டப் வந்தாலும் அவர்களுக்கு அதில் பங்கு கிடைப்பது அரிது. ஜமைக்காவில் தனக்கென ஒரு நவீன பதிப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 1993இல்தான்.

காப்பாற்றியவர் இல்லையென்றால் இவை தூசாகியிருக்கும் என்று ஒருவர் வாதிடலாம். அது நியாயமான வாதந்தான். காத்தவருக்கு அதற்குரிய கூலி சேரவேண்டும். எனினும் காவலுக்கான கூலி வேறு, உடைமை வேறு. மற்றவரின் மூச்சு பதிந்த ஒரு பொருள் நம் கைக்கு வரும்போது அது அமானிதமாகவே வருகின்றது.

இதற்கு நேரெதிரான ஒரு கதையும் உண்டு. லீ ‘ஸ்கிராட்ச்’ பெரி 1973இல் தன் வீட்டு வளவிலேயே ‘பிளாக் ஆர்க்’ என்ற ஸ்டூடியோவைக் கட்டினார். பின்னர் அது எரிந்துபோயிற்று. நானே கொளுத்தினேன் என்று அவர் சொன்னதுண்டு. 2021இல் அவர் காலமானார். தன் கையால் கட்டியதைக் கொளுத்த ஒருவருக்கு உரிமையில்லையா என்று நெடுநாள் யோசித்தேன். சுவர்கள் அவருடையவை. ஆனால் அந்தச் சுவர்களுக்குள் பாடியவர்கள் வேறு மனிதர்கள். எரிப்பவரும் சரி, விற்பவரும் சரி, தமக்கு மட்டும் உரியதல்லாத ஒன்றின் மீதே கைவைக்கின்றார்கள்.

பழைய நாடாக்களில் பிசகிய வரிகளும் இருமலும் பாதியில் கைவிட்ட பாட்டும் இருக்கும். பாடியவர் உயிரோடிருந்தால் அவரைக் கேட்கவேண்டும். இல்லையேல் அவரது பிள்ளைகளைக் கேட்கவேண்டும். எவரும் கிடைக்காதபோது, இது அவர் ஒதுக்கிவைத்தது என்று சொல்லியாவது வெளியிடவேண்டும். வாத்தியக்காரரின் பெயர் தெரிந்தால் அச்சிடவேண்டும். காசு வந்தால் பங்கு போய்ச் சேரவேண்டும். இவையெல்லாம் பெரிய தத்துவங்கள் அல்ல. செய்வதற்குச் சோம்பல் வருகின்ற சிறிய காரியங்கள்.

இதனை ஸ்டூடியோக்காரருக்கு மட்டும் உபதேசமாகச் சொல்லிவிட்டு நான் ஒதுங்கிவிட முடியாது. அந்தக் கெசட்டை நானும் பிரதியெடுத்து மூன்று பேருக்குக் கொடுத்தவன். ஒரு பெயரைக்கூடத் தேடாமல், ஒரு சதமும் செலவழிக்காமல், இருபது வருடங்கள் இன்புற்றவன். போன மாதம் அதை மீண்டும் எடுத்து, ஒவ்வொரு பாட்டாகத் தேடத் தொடங்கினேன். இரண்டு பாட்டுக்களுக்குப் பாடியவரின் பெயர் கிடைத்தது. ‘டப் - 2’ என்பதன் கீழே எழுதிவைத்தேன். மீதி எட்டு வரிகள் வெறுமையாக இருக்கின்றன. மூன்று நண்பர்களுக்கும் அந்த இரண்டு பெயர்களை அனுப்பியிருக்கின்றேன்.