நோயை மறைத்தல் தாய்க்கு அறமாகுமா?

பல்வலி கண்டவன் அயல்வீடு கேட்க அரற்றுகின்றான். தன் மார்பிலே சிறு கட்டியொன்று தட்டுப்படக் கண்ட தாயோ அதனை எவர்க்கும் உரையாது மாதக்கணக்காக வாளாவிருக்கின்றாள். மகனுக்குப் பரீட்சை முடியட்டும், மகளின் கலியாணம் ஒப்பேறட்டும், கடலுக்குச் சென்ற கணவன் கையிற் காசோடு திரும்பட்டும் என்று நாளைக் கடத்துகின்றாள். பின்னர் அது வெளிப்பட்ட காலத்துப் பிள்ளைகளுக்காகத் தன் நோயையும் மறைத்த பொறுமைசாலி என்று ஊரார் அவளைப் புகழ்கின்றனர். இப்புகழ்ச்சி தக்கதா? தன்னை மறந்து பிறர்க்கென வாழ்தல் தாய்மையின் இலக்கணமாயின், நோயை மறைத்தலும் அவ்விலக்கணத்துள் அடங்குமா? இவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். திருக்கோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களிற் கற்பிக்கும் சைவ ஆசிரியர்களுக்கு இது புறத்தே நிற்கும் வினா அன்று. அவருட் பலர் தாமே தாய்மார். ஏனையோர் நாள்தோறும் தாய்மாரின் பிள்ளைகள் முன்னே நிற்பவர்.

முதற்கண் நோயின் இயல்பை அறிதல் வேண்டும். இலங்கையிற் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் எண்ணிக்கையால் முதன்மையானது மார்பகப் புற்றுநோயே. மார்பகத்தின் உயிரணுக்கள் கட்டுக்கடங்காது பெருகுதலே இந்நோய். தொடக்கத்திற் பெரும்பாலும் நோவு இராது. அதுவே இதன் வஞ்சம். நோவற்ற கட்டி, தோலிற் குழிவு, காம்பு உள்வாங்குதல், காம்பினின்று குருதி கலந்த நீர் கசிதல், அக்குளிற் கட்டி காணுதல் என்பன இதன் அறிகுறிகள். மார்பிற் காணும் கட்டிகளுட் பெரும்பாலானவை புற்று அல்ல என்பதும் உண்மையே. ஆயினும் எது புற்று, எது அன்று என்பதைத் தன் விரலாலோ அயலாள் வாய்ச்சொல்லாலோ துணிதல் இயலாது. வைத்தியர் கையாற் பார்த்து, படம் எடுப்பித்து, ஊசியாற் சிறிது சதையெடுத்து ஆராய்ந்த பின்னரே துணிபு பிறக்கும். இது தொற்றுநோய் அன்று. மார்பில் அடிபட்டதனால் வருவதும் அன்று. பரம்பரையாக வரும் மரபணுக் குறையால் நேர்வது நூற்றில் ஐந்து முதற் பத்து வரையே. நற்சிகிச்சை கிடைக்கும் நாடுகளில், நோய் மார்பகத்தளவில் அடங்கியிருக்கும்போதே கண்டறியப்பெற்றோர் பதின்மருள் ஒன்பதின்மருக்குக் குறையாமல் ஐந்தாண்டு கடந்து வாழ்கின்றனர். ஈரல், எலும்பு முதலிய தூரவுறுப்புக்களிற் பரவிய பின் கண்டறியப்பெற்றோருள் அவ்வாறு வாழ்வோர் ஏறத்தாழ மூவரே. ஆகவே இந்நோய்க்குரிய மருந்துகளுட் காலமும் ஒன்று. மறைக்கின்ற தாய் மறைப்பது கட்டியை மட்டுமன்று. அம்மருந்தையும் தன் கையாலே கொட்டிவிடுகின்றாள்.

இனி, மறைத்தற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

"எல்லாம் பழவினை, அனுபவித்துத்தானே தீரவேண்டும்" என்பது ஒன்று. வினைக்கொள்கை சைவர்க்கு உடன்பாடே. ஆயின் வினை உண்டென்பதிலிருந்து செயலற்றிருத்தல் வேண்டுமென்பது எவ்வாறு பெறப்படும்? ஊழ் என்று ஓரதிகாரம் வகுத்த திருவள்ளுவரே ஆள்வினையுடைமை என்றும் மருந்து என்றும் வேறு இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என்னும் நான்கும் கூடியதே மருத்துவமென்றும் வரையறுத்தார். திருச்செங்கோட்டிலே குளிர்சுரம் அடியார்களை வருத்தியபோது, இஃது இந்நாட்டின் இயல்பு, இது நம் வினை என்று ஞானசம்பந்தப் பெருமான் அமைந்திருந்தாரல்லர்; வினையென்று சொல்லிக்கொண்டே உய்யும் வழி தேடாதிருத்தல் குறையென்று இடித்துரைத்துத் திருநீலகண்டப் பதிகம் அருளினார். கோணேசரைப் பாடிய திருவாக்கும் அவருடையதே. எந்த வினை எந்த நோயாய் வந்ததென்று மனிதருள் எவர் கண்டார்? காணாத ஒன்றைக் கண்டதுபோல நோயாளியின் முகத்துக்கு நேரே சொல்லுதல் சித்தாந்தம் அன்று, கொடுமையென்க.

வினையென்று அமையாது செயலில் இறங்கியதற்கு நம்மவருள்ளேயே சான்றுண்டு. புதுக்கோட்டையிற் பிறந்து, 1912ஆம் ஆண்டிற் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியாரின் தங்கை 1923இற் புற்றுநோயால் இறந்தார். மருத்துவராயிருந்தும் உடன்பிறந்தாளைக் காக்க இயலாத துயரத்தை அவ்வம்மையார் விதியென்று மூடி வைத்திலர். பல்லாண்டு உழைத்தார், 1952இல் அடையாற்றிலே புற்றுநோய் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டுவித்தார், 1954இல் அது பன்னிரண்டு படுக்கைகளோடு திறக்கப்பெற்றது. தென்னாட்டுத் தாய்மார் எத்தனையோ பேருக்கு அவ்விடம் இன்றுவரை புகலாய் நிற்கின்றது.

நாண் என்பது இரண்டாவது காரணம். நாண் பெண்மைக்கு அணியென்பர். ஆயின் நாணத்தக்கது பழி. நோய் பழி அன்று. மார்பகம் தாய் தன் குழவிக்கு உணவூட்டிய உறுப்பு. அவ்வுறுப்பிற் பிணி வந்ததெனச் சொல்லுதற்கு வாய் கூசுமாயின், அக்கூச்சத்தைக் கற்பித்த நம் சமுதாயமே நாணுதல் வேண்டும். உடம்பை இழிவென்று கருதியிருந்து, பின் அதனுள்ளே உறுபொருள் கண்டு அதனைப் பேணலுற்றதாகத் திருமூலர் திருமந்திரத்தில் உரைத்ததை நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். உயிர் ஈடேறுதற்கு இறைவன் தந்த கருவி உடம்பு என்பது நம் கொள்கை. இரவலாய்ப் பெற்ற கருவியைப் பழுது கண்டும் பாராதுவிடுதல் தியாகம் ஆகாது.

மூன்றாவது காரணமே வலிமையுடையது. பிள்ளைகள் அஞ்சுவார்கள், அவர்கள் படிப்புக் கெடும் என்பது அது. இதனை எள்ளி நகையாடுதல் கூடாது. தாயின் அன்பே இவ்வச்சமாய் வடிவெடுக்கின்றது. போரிலும் 2004ஆம் ஆண்டின் கடற்கோளிலும் கணவரை இழந்து தனியே குடும்பம் தாங்கும் தாய்மார் இம்மாவட்டத்திற் பலர். தாம் விழுந்தால் வீடே விழும் என்று அவர் எண்ணுவது வெறும் கற்பனை அன்று. ஆயின் அவ்வெண்ணமே பேசுதற்கு உரிய காரணமாகும். வீட்டைத் தாங்கும் தூணிற் கறையான் கண்டவர் கூரைக்கு அஞ்சி அதனை மறைப்பாரோ?

மேலும், பிள்ளை ஒன்றும் அறியாதென்பது நம் மயக்கமே. அம்மாவின் முகம் வாடினமையும், கதவடைத்து மெல்லப் பேசும் பேச்சும் ஆறு வயதுப் பிள்ளைக்குத் தப்புவதில்லை. காரணம் சொல்லப்படாதபோது பிள்ளை தானே ஒரு காரணத்தைப் படைத்துக்கொள்ளும். நான் குழப்படி செய்தேன், அதனாலே அம்மாவுக்கு வருத்தம் வந்தது என்று உள்ளுக்குள் நையும். உண்மையின் பாரத்திலும் இப்பொய்ப் பாரம் கொடிது. தீமை பயவாத சொல்லே வாய்மையென்பது வள்ளுவர் கொள்கையாதலின், பிள்ளைக்கு எல்லாவற்றையும் ஒருங்கே கொட்டுதலும் வேண்டா. நோயின் பெயரை அஞ்சாது சொல்லலாம். இஃது உன்னால் வந்தது அன்று என்று தெளிவாய்ச் சொல்லவேண்டும். இது தொற்றாது, அம்மாவைக் கட்டியணைக்கலாம் என்று சொல்லவேண்டும். நாளை உனக்குச் சோறு தருபவர் இன்னார், பாடசாலைக்கு அழைத்துச் செல்பவர் இன்னார் என்று சொல்லவேண்டும். "எனக்கு ஒன்றும் ஆகாது" என்று சத்தியம் பண்ணுதல் தாய்க்கும் ஆகாது. எது நேரினும் உனக்கு மறையேன் என்னும் வாக்கை அவள் கொடுக்கலாம், காக்கவும் செய்யலாம்.

நான்காவது காரணம் சிகிச்சையின் மேலுள்ள அச்சம். அதிலும் இரசாயன சிகிச்சையின் மேலுள்ளது. 1942ஆம் ஆண்டு ஏப்பிரில் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தின்மேற் குண்டு பொழிந்தன. அப்போர் நடந்த அவ்வாண்டிலேயே, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலே, போர்க்கருவியாகிய கடுகு நச்சுவாயுவின் இனத்துப் பொருளொன்று புற்றுநோயாளர் ஒருவருக்கு முதன்முதல் மருந்தாக ஏற்றப்பெற்றது. அக்குடும்பத்திற் பின்னர்த் தோன்றிய சைக்கிளோபொஸ்பமைட் இன்றும் மார்பகப் புற்றுக்கு வழங்கப்படுகின்றது. கொல்ல வந்த நஞ்சு, அளவும் காலமும் அறிந்தார் கையிற் காக்கும் நஞ்சாயிற்று. ஆலாலத்தைக் கண்டத்தில் நிறுத்தி உலகைக் காத்த பெருமானை வழிபடுவோர்க்கு இவ்வுண்மை விளங்குதல் அரிதன்று.

ஆயினும் நஞ்சு நஞ்சே. விரைந்து பெருகும் உயிரணுக்களை அது தாக்குதலால், புற்றோடு மயிர்வேரும், வாயினும் குடலினும் உள்ள மென்தோலும், குருதியின் வெள்ளணுக்களும் அழிகின்றன. அதனாலேயே தலைமயிர் உதிர்வதும், வாய் புண்ணாவதும், குமட்டுவதும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறையாகப் பல தடவை மருந்து ஏற்றுவது நல்லணுக்கள் இடையிலே தேறிக்கொள்ளும் பொருட்டாம். மருந்தேற்றிய பின் காய்ச்சல் காணின், வெள்ளணுக் குறைவாற் கிருமி பெருகிய அறிகுறியாகலாம். விடியட்டும் என்று இராது அப்போதே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். குமட்டலைத் தணிக்கும் நல்ல மருந்துகள் இன்று உள்ளன. மயிர் சிகிச்சை முடிந்தபின் சில மாதத்தில் மீள முளைக்கும். சுமங்கலியின் கூந்தல் உதிர்வதை அமங்கலமெனப் பேசுவோர் உளராயின், நேர்த்திக்காக மழித்த தலையை மங்கலமென ஏற்கும் நாம், பிள்ளைகளுக்காக வாழவேண்டுமென்று இழந்த கூந்தலை மட்டும் எவ்வாறு இகழ்வோம் என்று அவரை வினவுக.

எல்லாரும் பிழைப்பரென்று நாம் எழுதத் துணியோம். காலத்திற் கண்டு, முறையாய்ச் சிகிச்சை பெற்றும் மறைந்த தாய்மார் உளர். கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகளருகே தாயாருக்கு அந்தியேட்டி செய்யும் பிள்ளைகளை நாம் கண்டிருக்கின்றோம். அவர்க்கும் நாம் சொல்வது இதுவே: பேசிய வீட்டிலே துயரம் உண்டு, பேசாத வீட்டிலே துயரத்தோடு தீராத கேள்வியும் உண்டு. "ஏன் எங்களிடம் சொல்லவில்லை?" என்னும் வினாவுக்கு விடை கூற அத்தாய் இரார். விடைபெறுதற்குரிய நாட்களையும் மறைப்பு விழுங்கிவிடுகின்றது. ஆயினும் காலந்தாழ்த்தி வந்த தாயை, "முன்னமே வந்திருக்கலாமே" என்று எவரும் இடித்துரைத்தல் வேண்டா. அவள் வாயை அடைத்தது நம் எல்லாருடைய மௌனமுமே.

மருணீக்கியாரைச் சூலைநோய் பற்றியபோது அவர் செய்தது யாது? சமண மடத்தின் தலைவராயிருந்த பெருமையைப் பாராது, நோய்ச்செய்தியைச் சமையற்காரன் மூலம் தமக்கையாருக்கு உய்த்தார். பின் இரவிலே தாமே திலகவதியார் திருவடியை அடைந்தார். திருவதிகைத் திருவருள் அதன்பின் நிகழ்ந்தது. நாவுக்கரசு என்னும் பேறு நோயைச் சொல்லிய நாவுக்கே வாய்த்ததென்பதை எண்ணுக. கேட்கும் திலகவதியார் ஒருவர் இருந்தமையாற் சொல்லுதல் இயன்றது என்பதையும் எண்ணுக. ஆதலால் அறம் தாயொருத்தியின் தலைமேல் மட்டும் சுமத்தப்படுவதன்று; கேட்போர் தலைமேலும் உள்ளது.

ஆசிரிய அன்பர்காள்! பெண்ணாசிரியைகள் தம்முள்ளே இதனை வெட்கமின்றிப் பேசிக்கொள்ளத் தொடங்குக. 1996ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் சுகாதாரப் பணிமனைகளின் கீழே சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. முப்பத்தைந்து வயது எய்திய பெண்களைச் சிறப்பாக அழைத்து, மார்பகத்தையும் அங்கே இலவசமாகப் பரிசோதிக்கின்றனர். பெற்றார் கூட்டத்தில் இதனைச் சொல்லுதற்கு ஐந்து நிமிடம் போதும். நோய் துணியப்பட்டபின் மட்டக்களப்புக்கோ தெல்லிப்பழைக்கோ தொலைவிலுள்ள மகரகமைக்கோ செல்ல நேரிடும் தாய்க்கு, பிள்ளையைப் பார்க்க ஆளும் வழிச்செலவுமே பெருங்கவலை. அயலார் முறைவைத்துச் சமைத்தலும், பாடசாலைப் பிள்ளையை ஓராசிரியர் தம்மோடு அழைத்து வருதலும் அன்னதானத்திற் குறைந்த தொண்டல்ல. 2009இற் கிண்ணியாப் பாலம் திறந்தபின் துறையிலே படகுக்குக் காத்து நின்ற காலம் போயிற்று. வீட்டுக்குள்ளே தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே கிடக்கும் நீர்மேலும் ஒரு பாலம் வேண்டும். அதற்கு முதற்கல் இடவேண்டியவர் தாயின் பக்கத்தே நிற்கும் நாம்.

வகுப்பிலே ஒரு பிள்ளை சிலநாளாய் வீட்டுவேலை செய்யாது வந்தால், தண்டிக்குமுன் தனியே அழைத்து, "அம்மா சுகமா?" என்று கேட்க. மறைத்தல் அறமாகுமா என்று தொடங்கினோம். ஆகாது என்பதே எம் துணிபு. தன் நோயை உரிய காலத்தில் உரைக்கும் தாய், பிள்ளைகளிடமிருந்து எதையும் பறித்தாளல்லள்; தன்னையே அவர்க்கு மீட்டுத் தர முயன்றாளாவள். அங்ஙனம் உரைக்கும் துணிவை எல்லாத் தாய்மாருக்கும், கேட்கும் செவியை நமக்கும் கோணைநாதர் அருள்புரிவாராக.