வேஸ்ட்கேட்டும் திரோதானமும்

கண்டியிலிருந்து பேராதனை வழியாகக் கலஹாவுக்கு ஏறும் பாதை சின்னக் கார்களுக்குச் சோதனை. மாருதி 800ஐ எடுத்துக்கொள்வோம். மூன்று சிலிண்டர், 796 சீசீ, நல்ல நாளில் சுமார் 37 குதிரைவலு. நாலு பேரும் ஒரு மூட்டை அரிசியும் ஏறினால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். உயரம் கூடக்கூடக் காற்றும் ஐதாகிறது: கடல்மட்டத்திலிருந்து 1000 மீற்றர் மேலே காற்றழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு; எஞ்சினும் கிட்டத்தட்ட அதே அளவு வலுவை இழக்கும். வேறு கார் வாங்கலாம் என்றால், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடையில் பழைய கார்களின் விலையே எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. இருக்கிற எஞ்சினைப் பிரித்துக் கட்டி, கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய ஜப்பான் டர்போ ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினால் என்ன என்று ஒருவருக்குத் தோன்றுவதில் வியப்பில்லை. அந்தச் சின்ன ஆசைக்குள் சைவ சித்தாந்தம் மெய்கண்டார் காலம் முதல் பதில் சொல்லிவரும் கேள்வி ஒன்று இருக்கிறது. இறைவனின் அருள் எல்லையில்லாதது, எல்லா உயிருக்கும் பொதுவானது என்றால், அது ஏன் எல்லோருக்கும் இன்றே முழுதாகக் கிடைத்துவிடவில்லை? பக்குவம் வரவில்லை என்கிறது சித்தாந்தம். உயிரைப் பற்றிய மலம் பழுக்கும் மலபரிபாகம் வந்த பிறகே அருள் பதியும் சத்திநிபாதம். கேட்பவர் பலருக்கு இது கேள்வியைத் தட்டிக்கழிக்கும் பேச்சாகப் படுகிறது. எனக்கு அப்படிப் படவில்லை. கொடுக்காமல் நிறுத்திவைப்பதும் கொடையின் ஒரு வேலைதான் என்பதற்கு ஒரு எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதே போதுமான சான்று.

எஞ்சின் எரிக்கும் பெற்றோலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெப்பமாக வெளியே போய்விடுகிறது. அந்தப் புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனைச் சக்கரத்தால் வெளிக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளலாம் என்ற யோசனைக்கு சுவிஸ் பொறியியலாளர் அல்பிரட் பூகி 1905இல் காப்புரிமை பெற்றார். காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் தள்ளினால் காற்றும் கூடும், அதற்கேற்ற பெற்றோலும் கூடும், வலுவும் கூடும். ஆனால் அமுக்கிய காற்று சூடாகும். 27 பாகையில் இருந்த காற்று இந்த அமுக்கத்தில் 70, 80 பாகைக்குப் போய்விடும். அந்தச் சூட்டில், ஸ்பார்க் பிளக் பற்றவைத்த சுடர் வந்து சேருமுன்பே கலவை ஒரு மூலையில் தானாக வெடிக்கிறது. நொக்கிங் என்பது அதுதான். பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையிலான வரம்பு நொறுங்குவதும் ஹெட் கேஸ்கட் ஊதிப்போவதும் பல சமயம் இதனால்தான். ஆகவே விஷயம் தெரிந்த மெக்கானிக் பாஸ் டர்போவைத் தொடுமுன் எஞ்சினை அடிவரை இறக்குவார். சிலிண்டர் வட்டம் கெட்டு முட்டை வடிவமாகிவிட்டதா என்று அளப்பார். லேத்துக்கு அனுப்பி போர் செய்து, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போடுவார். சூட்டில் ரிங் விரிந்து முனையோடு முனை முட்டாதபடி இடைவெளியை வழக்கத்தைவிடச் சற்றுக் கூட்டுவார். கம்ப்ரஷனைக் குறைப்பார். ஒயில் பம்ப்பைக் கட்டாயம் பார்ப்பார். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டக்கூடிய டர்போவின் அச்சு எஞ்சின் ஒயிலில் மிதந்துதான் சுழல்கிறது. கையில் காசு குறைவாக இருக்கும்போது இந்த ஒழுங்கு தலைகீழாகிறது. டர்போ கண்ணுக்குத் தெரியும், பழையதென்றால் விலையும் கட்டுப்படியாகும். அடிப்பாகத்து வேலை கண்ணுக்குத் தெரியாது, காசையும் தின்னும். முதலில் டர்போவை மாட்டுவோம், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று மனம் கணக்குப் போடும். 1987இல் சுசுக்கி வெளியிட்ட ஆல்டோ வொர்க்ஸ் 543 சீசீ எஞ்சினில் டர்போவோடு 64 குதிரைவலு தந்தது. மாருதியைவிடச் சிறியது, வலு ஒன்றரை மடங்குக்கும் மேல். டர்போ மட்டும் அதைச் செய்துவிடவில்லை. அந்த எஞ்சின் அழுத்தத்தை வாங்குவதற்கென்றே கட்டப்பட்டது.

பக்குவத்தை விளக்கச் சித்தாந்திகள் சூரியனையும் தாமரையையும் காட்டுவார்கள். வெயில் குளம் முழுதும் ஒன்றுபோல் விழுகிறது. பருவம் வந்த மொட்டு விரிகிறது, வராதது மூடியே இருக்கிறது. சூரியனிடம் பாரபட்சம் இல்லை என்பதை இந்த உவமை நன்றாகவே நிறுவுகிறது. ஆனால் இதில் ஆபத்து இல்லை. விரியாத மொட்டுக்கு வெயிலால் நட்டம் ஒன்றும் வருவதில்லை. அது நாளைக்கு விரியும். தயாராகாத எஞ்சினோ வலுவைப் பெறாமல் போவதோடு நிற்பதில்லை, தன்னிடம் இருந்த 37 குதிரைவலுவையும் இழந்து வீதியோரத்தில் நிற்கிறது. சிவனின் ஐந்தொழிலில் மறைத்தல் ஏன் ஒன்றாக வைக்கப்பட்டது என்பது இங்கேதான் தெளிவாகிறது. அந்த மறைத்தலைச் செய்யும் திரோதானம் பாசங்களின் வரிசையில் வைத்து எண்ணப்பட்டாலும் அது உண்மையில் சிவனின் சக்தியே; மலத்தைத் தொழிற்படுத்தி அதைப் பழுக்கவைப்பதால் மலம் என்று உபசாரமாகச் சொல்லப்படுகிறது என்பது சித்தாந்தத்தின் நிலை. டர்போவிலும் இப்படி ஒரு சின்னக் கதவு உண்டு, வேஸ்ட்கேட். அழுத்தம் குறித்த அளவைத் தொட்டதும் அது திறந்து, புகையில் ஒரு பங்கைச் சக்கரத்தைத் தொடவிடாமல் வெளியே அனுப்பும். அது இல்லையென்றால் அழுத்தம் கூடப் புகை கூடும், புகை கூட அழுத்தம் மேலும் கூடும், உடையும்வரை. புதிதாக டர்போ போட்டவருக்கு அந்தக் கதவு தன் வலுவைத் திருடும் ஓட்டையாகத்தான் தெரியும். அதை அடைத்துவிடத் துடிப்பவர்களும் உண்டு. காக்கும் கையைத் தடுக்கும் கை என்று உயிர் எண்ணுவதும் இந்த வகைதான்.

எல்லாம் வல்லவன் எஞ்சினையும் ஒரு நொடியில் பலப்படுத்தித் தரலாமே, ஏன் இந்த நீண்ட கராஜ் வேலை என்று கேட்கலாம். ஒன்றுமில்லாததிலிருந்து உயிரைப் படைத்த கடவுளைப் பார்த்துக் கேட்டால் இந்தக் கேள்வி கடுமையானது. சித்தாந்தத்தின் கடவுள் அப்படிப்பட்டவர் அல்லர். பதி, பசு, பாசம் (இறைவன், உயிர், கட்டு) மூன்றும் அநாதி. உயிரை அவர் வார்க்கவில்லை. ஆணவ மலத்தோடு கிடந்த உயிரை எடுத்துச் செப்பனிடுகிறார். வேறு எஞ்சினை வாங்கி வைத்தால் ஏற்றம் ஏறிவிடும், ஆனால் ஏறியது இந்த எஞ்சின் ஆகாது. கடவுளும் ஒரு வகையில் பட்ஜெட்டுக்குள்தான் வேலை செய்கிறார் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும்; எனக்கு அது அவருடைய பெருமையைக் குறைப்பதாகத் தெரியவில்லை. கொடுப்பவரே இல்லை என்று சொல்லும் பௌத்தமும், தலதா மாளிகை நிற்கும் இந்த மண்ணில் அதைத் தவிர்க்க முடியாது, நிறுத்திவைத்தலை அறிந்தே இருக்கிறது. ஆன்மா உண்டா என்று வச்சகோத்தர் என்ற துறவி கேட்டபோது புத்தர் பேசாமல் இருந்தார். வச்சகோத்தர் போன பிறகு, இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் மேலும் குழம்பியிருப்பார் என்று சீடர் ஆனந்தருக்கு விளக்கினார். அருளை ஒப்பாத நெறியிலும் மௌனம் கருணையாகத்தான் வருகிறது.

கண்ணப்பர் என் வாதத்துக்கு இடைஞ்சல். சரியை, கிரியை எதையும் முறையாகப் பயிலாத வேடர் ஆறே நாளில், தன் கண்ணையே சிவனுக்குக் கொடுத்து, பேறு பெற்றார். முற்பிறப்புத் தவம் என்பது வழக்கமான விடை. ஜப்பானிலிருந்து வரும் ரீகண்டிஷன் எஞ்சினின் பழைய ஓட்டத்தைச் சொல்வது போல, அதை இங்கிருந்து யாரும் சரிபார்க்க முடியாது. ஆகவே அதில் நான் சாய விரும்பவில்லை. அந்த ஆறு நாளில் நடந்ததைப் பார்த்தால் போதும். தன் பசியையும் தூக்கத்தையும் தன் கண்ணையும்விட இன்னொன்று பெரிதாகிவிட்ட மனம் அது. பழுக்க வேண்டியது பழுத்திருந்தது. பக்குவத்துக்குக் காலக்கணக்கு கிடையாது என்பதைக் கண்ணப்பர் காட்டுகிறார், பக்குவமே வேண்டாம் என்பதை அல்ல. இரும்பையும் உயிரையும் ஒப்பிடலாமா என்றால், ஓரளவுக்குத்தான். எஞ்சினுக்கு வலிக்காது, தன்னைப் பிரிக்கும் கையை அது நோவதும் இல்லை. உயிருக்கு இரண்டும் உண்டு; அதனால் ஒப்புமை அறுபடுகிற இடத்தில் திரோதானத்தின் பாரம் கூடத்தான் செய்கிறது.

இவற்றைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. 'உனக்கு இன்னும் பக்குவம் இல்லை' என்பது மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம். வேதம் ஓத உனக்கு அதிகாரம் இல்லை என்று சாதி சொன்னது. மலையகத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது. கலஹாவுக்கு அப்பால் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்தது 1867இல். தேயிலைக் காட்டில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. பரம்பரைக்கு ஆவணம் காட்டு என்றது. தோட்டப் பாடசாலையோ நெடுங்காலம் பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளோடு நின்றது. பக்குவக் கோட்பாடு இந்த அநியாயத்துக்குத் துணைபோகுமா? போகாது, இரண்டு காரணங்களால். சிலிண்டரை அளக்க மைக்ரோமீற்றர் இருக்கிறது; இன்னொருவர் மலத்தின் அளவைப் பார்க்க மனிதர் கையில் கருவி எதுவும் இல்லை, சித்தாந்தம் அந்த அறிவைப் பதியிடம் மட்டுமே விட்டிருக்கிறது. அடுத்தது, திரோதானத்தை அருள் என்று சொல்ல நமக்கு உரிமை கிடைப்பதே, மறைக்கும் சக்தியே பழுக்கவைக்கும் வேலையையும் செய்வதால்தான். இன்னும் மாட்டக் கூடாது என்று சொல்லும் பாஸ் அதே மூச்சில் எஞ்சினை இறக்கிப் பிஸ்டனைக் கழற்றத் தொடங்குகிறார். நாடற்றவர் பிரச்சினையின் கடைசி எச்சத்தைத் தீர்க்க இலங்கை நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 2003இல். அதுவரை ஐம்பத்தைந்து வருடம் அந்த மக்களைப் பொறுத்திருக்கச் சொன்னவர்கள் கையில் கிரீஸ் பட்டதாகத் தெரியவில்லை.