காகமும் கடைக்காரரும்

 

ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போதும், கடையில் தேநீர் குடிக்க உட்காரும்போதும் புந்தோங் சகோதரர்கள் நம்மிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "காகத்தைக் கொல்லலாம் என்று ஹதீதிலேயே இருக்கிறதே ஹஜ்ரத், அப்புறம் கல்லெறிகிற பையனை ஏன் கண்டிக்கிறீர்கள்?" என்பதே அது. கேட்கிறவர்கள் விதண்டாவாதத்துக்காகக் கேட்கவில்லை. மார்க்கம் என்ன சொல்கிறதென்று அறிந்து நடக்கவே கேட்கிறார்கள். ஆகவே இம்மாதம் அதைப் பற்றியே பேசுவோம்.

முதலில் தொல்லையைத் தொல்லை என்று ஒப்புக்கொள்வோம். புந்தோங்கில் காலைச் சந்தை கூடும்போதே காகமும் கூடிவிடுகிறது. கச்சாங் பூத்தே வறுக்கும் வீடுகளில் ஆற வைத்த தட்டிலிருந்து முறுக்கைக் கவ்விக்கொண்டு கூரைக்குப் போய்விடுகிறது. ரொட்டி சானாய் சாப்பிட்டவர் எழுந்து கை கழுவப் போவதற்குள் மைனா மேசையில் இறங்கிக் குழம்பில் அலகை விடுகிறது. அதைக் கண்டு அடுத்த மேசைக்காரர் முகம் சுளித்துப் போய்விட்டால் நஷ்டம் காகத்துக்கோ மைனாவுக்கோ இல்லை, கடைக்காரருக்குத்தான். எச்சம் விழுந்த மேசை சுகாதார அதிகாரியின் கண்ணில் பட்டால் கேட்கவே வேண்டாம். "பாவம், பறவைதானே" என்று மிம்பரிலிருந்து சொல்லிவிட்டு இறங்குவது எளிது. கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பதிலாகாது.

இந்தக் காகம் இம்மண்ணிலேயே தோன்றிய பறவையுமன்று. 1890-களில் சிலாங்கூரின் காப்பித் தோட்டங்களில் புழுத் தொல்லையை ஒழிப்பதற்காக இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்து விடப்பட்டது. காப்பி போயிற்று, ரப்பர் வந்தது. காகம் மட்டும் போகவில்லை. நம் முன்னோர் பலர் கப்பலேறி வந்து இங்கே கடை வைத்ததும் ஏறத்தாழ அந்தக் காலந்தான் என்பதை நினைத்தால் சற்றுச் சிரிப்பும் வருகிறது. வேலைக்கென்று அழைத்து வந்தவர்களே பிற்காலத்தில் அதைத் தொல்லை என்றார்கள். கிள்ளான் நகராண்மைக் கழகம் துப்பாக்கிக்காரர்களை வைத்துப் பல ஆண்டுகள் சுட்டுப் பார்த்தது. காகம் இன்னும் கிள்ளானில் இருக்கிறது.

இனி ஹதீதுக்கு வருவோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஹரம் எல்லைக்குள்ளும் கொல்லப்படலாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்ன ஐந்தில் காகமும் ஒன்று. எலி, தேள், பருந்து, கடிக்கும் நாய் ஆகியவை மற்றவை. முஸ்லிமில் வரும் ஓர் அறிவிப்பில் வெண்மை கலந்த காகம் என்று விவரம் கூடுதலாக வருகிறது. தானியம் மட்டும் தின்னும் சிறு காகத்தை ஆலிம்கள் இதிலிருந்து பிரித்துப் பேசியிருக்கிறார்கள். கழுத்தில் சாம்பல் நிறமுள்ள நம் ஊர்க் காகம் எந்த வகையில் சேரும் என்பதை அவர்கள் ஆராயட்டும். தொல்லை தரும் வகைதான் என்றே நாம் வைத்துக்கொண்டு மேலே போவோம். அனுமதி இருக்கிறது, அதை மறைத்துப் பேசுவது அமானிதத்துக்கு விரோதம். மைனாவுக்கோ அந்தப் பட்டியலில் இடமில்லை. சிட்டுக்குருவியை வீணுக்குக் கொன்றவன்மீது அது மறுமையில் அல்லாஹ்விடம் முறையிடும் என்ற அறிவிப்பு நஸாயீயில் இருக்கிறது என்பதை மைனாமீது கைவைக்கிறவர் நினைவில் வைப்பது நல்லது.

ஆனால் அனுமதி எதற்குக் கிடைத்தது? தீங்கை நீக்குவதற்கு. கோபத்தைத் தீர்த்துக்கொள்வதற்கு அன்று. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், உள்ளே வேறு. ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக முஸ்லிமில் வரும் ஹதீதை நம் கசாப்புக்கடைச் சகோதரர்கள் நன்கறிவார்கள். எல்லாவற்றிலும் அழகிய முறையை அல்லாஹ் விதித்திருக்கிறான், அறுப்பதிலும் கொல்வதிலும்கூட. ஆகவே கத்தியைத் தீட்டுங்கள், பிராணிக்கு வேதனையைக் குறையுங்கள் என்பது அதன் கருத்து. கொல்ல அனுமதிக்கப்பட்ட ஜீவனைக்கூட வதைக்க அனுமதி இல்லை. இதை விளங்கிக்கொண்டால் பாதிக் கேள்வி தீர்ந்துவிடுகிறது.

நம் கடை வரிசைகளில் நடப்பதைக் கொஞ்சம் பாருங்கள். பிள்ளைகள் லாஸ்திக் என்று சொல்லும் உண்டிவில்லைக் கடைப் பையனிடம் கொடுத்து, பின்வாசலில் நிறுத்தி வைக்கிறார்கள். கல் காகத்தைக் கொல்வதில்லை. இறக்கையை ஒடிக்கிறது, கண்ணைப் போக்குகிறது. சிறு கல்லைச் சுண்டி எறிந்துகொண்டிருந்த ஒருவரை அப்துல்லாஹ் இப்னு முகப்பல் (ரலி) அவர்கள் தடுத்தார்கள். அந்தக் கல் வேட்டையும் ஆடாது, பகைவனையும் வீழ்த்தாது, பல்லை உடைக்கும், கண்ணைக் குருடாக்கும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததை எடுத்துச் சொன்னார்கள். பிறகும் அந்த ஆள் எறியக் கண்டபோது, இனி உன்னோடு பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். உறவையே முறித்துக்கொள்ளும் அளவுக்கு அது அவர்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

உயிருள்ள காகத்தின் காலில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, மற்றவற்றைப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. குறைஷி வாலிபர் சிலர் ஒரு பறவையைக் கட்டி வைத்து அம்பெய்து பழகிக்கொண்டிருந்தபோது இப்னு உமர் (ரலி) அவர்கள் அவ்வழியே வந்தார்கள். அவர்களைக் கண்டதும் வாலிபர்கள் சிதறி ஓடினார்கள். உயிருள்ளதை இலக்காக்குகிறவனை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள் என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் கூறியது இரு ஸஹீஹ்களிலும் பதிவாகி இருக்கிறது. சாபம் என்ற சொல்லைக் கவனியுங்கள். விற்று வாங்கிப் பரக்கத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் கடையின் பின்புறத்தில் அந்தக் கயிறு தொங்குகிறது.

கொதிக்கும் தண்ணீரை வீசுவது மூன்றாவது. சோற்றில் விஷம் கலந்து வைப்பது நான்காவது. இதுதான் எல்லாவற்றிலும் கேடு. அந்தச் சோற்றைக் காகம் மட்டுந்தான் தின்னும் என்று யார் உறுதி கூற முடியும்? அடுத்த வீட்டுக் கோழி தின்னும், பூனை தின்னும், எதையும் எடுத்து வாயில் வைக்கும் குழந்தையும் அங்கே திரியும். ஒரு நபியை எறும்பு கடித்ததும் எறும்புக் கூட்டத்தையே எரிக்கச் சொன்னார். கடித்தது ஒன்றல்லவா, ஒரு சமூகத்தையே அழித்தாயே என்று அல்லாஹ் அவரைக் கண்டித்தான் என அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பூமியில் ஊர்வனவும் இரு சிறகால் பறப்பனவும் உங்களைப் போன்ற சமூகங்களே என்ற கருத்தைத் திருமறையின் அன்ஆம் அத்தியாயம் 38-ஆம் வசனத்தில் ஓதுகிறோம். ஓதிவிட்டுக் கடைக்கு வந்து சோற்றில் விஷம் கலக்க முடியுமா?

"அது திருடுகிறதே!" என்கிறார்கள். திருட்டு என்ற சொல்லை நாம் எளிதாகப் பயன்படுத்துகிறோம். காகத்துக்கு ஹலால் ஹராம் விதிக்கப்படவில்லை. அதற்குக் கேள்வி கணக்கு உண்டென்றாலும் நம் கடைக் கணக்கு அதில் இல்லை. மனிதனுடைய திருட்டிலேயே, பொருள் பாதுகாப்பான இடத்தில் இருந்ததா என்று பிக்ஹு கேட்கிறது. திறந்த தட்டில், தெருவோரத்தில், ஆளில்லாமல் வைத்த பொருளைப் பாதுகாத்த பொருள் என்று எந்தக் காஜியும் ஒப்பமாட்டார். பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒரு தோட்டத்தில் புகுந்து நாசம் செய்த வழக்கில் நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த தீர்ப்பை வியாபாரிகள் மனத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் பொறுப்பு. இரவில் கால்நடையைக் கட்டி வைப்பது அதன் உடையவர் பொறுப்பு. காகமோ பகலில்தான் வருகிறது, அதற்கு உடையவரும் இல்லை. அப்படியானால் பொறுப்பு யார் தலையில் விழுகிறது? பாத்திரங்களை மூடி வையுங்கள், மூடியில்லாவிட்டால் ஒரு குச்சியையாவது குறுக்கே வையுங்கள் என்று இரவு நேரத்துக்குச் சொல்லிக் கொடுத்த மார்க்கம் நம்முடையது. கடையிலோ பட்டப்பகலில் வடைத் தட்டு திறந்தே கிடக்கிறது.

இங்கே இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து பறவை தின்றாலும், திருடு போனாலும்கூட அது அவருக்கு ஸதக்காவாக எழுதப்படுகிறது என்ற ஹதீதை முஸ்லிமில் காண்கிறோம். கடையைத் திறந்து வைத்துக் காகத்துக்கு விருந்து போடுங்கள் என்று இதற்கு அர்த்தம் பண்ணிவிட வேண்டாம். காக்க முயன்றும் போனது போகட்டும், அதற்கும் கூலி உண்டு என்கிற ஆறுதல் அது. ஒரு முறுக்குக்காக ஒரு பையனுக்குக் கொடுமையைப் பழக்கிவிடுகிறோமே, அந்த நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. இன்று காகத்தின் கண்ணைப் பார்த்து எறிகிறவன் நாளை பூனையை உதைப்பான். பூனையைக் கட்டிப் போட்டுப் பட்டினியால் சாகடித்த பெண்ணின் கதி என்னவாயிற்று என்பதை மதரஸாவில் ஓதாத பிள்ளை நம்மில் இல்லை.

மற்ற நாட்டார் இதே தொல்லையோடு என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் நமக்கும் பயன் உண்டு. இங்கிலாந்தின் கடலோர ஊர்களில் காகத்தின் இடத்தில் கடற்காகம். கையில் இருக்கும் மீனையும் உருளைக்கிழங்கு வறுவலையும் பிடுங்கிக்கொண்டு போய்விடும். 2018-இல் வெஸ்டன்-சூப்பர்-மேர் என்ற ஊரில் அப்படிப் பிடுங்க வந்த பறவையை ஒருவர் சுவரில் அறைந்து கொன்றார். நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. நம் நாட்டிலும் பிராணிகளை வதைப்பதற்கு எதிராக 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இருக்கிறது. காற்றுத் துப்பாக்கி வாங்க நினைக்கிறவர் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தையும் நினைக்க வேண்டும். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் காகம் போகுமோ இல்லையோ, கடைக்காரர் உள்ளே போய்விடுவார்.

சிங்கப்பூரிலும் பல ஆண்டுகள் காகத்தைச் சுட்டார்கள். பொதுமக்களின் பாதுகாப்பை முன்னிட்டு 2020-இல் அதை நிறுத்திவிட்டுக் கூடுகளை அகற்றுவது, பொறி வைப்பது, குப்பைத் தொட்டியை மூட வைப்பது என்று வேறு வழிகளில் இறங்கினார்கள். உணவங்காடிகளில் சாப்பிட்டவரே தட்டை எடுத்து வைக்க வேண்டும் என்று 2021 செப்டம்பர் முதல் கட்டாயமாக்கினார்கள். தூய்மைதான் நோக்கம், எச்சில் தட்டில் பறவை இறங்காதிருப்பதும் அதில் அடங்கிவிடுகிறது. காகம் இரை உள்ள இடத்துக்கு வரும். ஒன்றைக் கொன்றால் அந்த இரைக்கு இன்னொன்று வரும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

கல்லெறிவதால் லாபமும் இல்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2006-இல் முகமூடி அணிந்துகொண்டு சில காகங்களைப் பிடித்து விட்டார்கள். அந்த முகமூடியைக் கண்டாலே காகங்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகும் கூடிக் கத்தின. அது வேறு இனக் காகந்தான். நம் ஊர்க் காகத்தில் ஒன்றை அடித்தால் கூரை முழுவதும் கூடி இரைவதை நாம் பார்த்தே இருக்கிறோம். வாடிக்கையாளர் வரும் நேரத்தில் அப்படியொரு கச்சேரி யாருக்கு வேண்டும்?

ஆகவே நாம் சொல்வது இதுதான். வடை, முறுக்கு, மீன் எதுவானாலும் கண்ணாடிப் பெட்டியிலோ, மலாய்க்காரர் தூடோங் சாஜி என்று சொல்லும் மூடியின் கீழோ இருக்கட்டும். ஆற வைக்கும் தட்டின்மேல் வலை போடுங்கள். சாப்பிட்டவர் எழுந்ததும் தட்டை எடுக்க ஒரு பையனை வையுங்கள். உண்டிவில்லோடு நின்ற பையனே போதும், சம்பளம் கூடப்போவதில்லை. எச்சில் சோற்றைச் சாக்கடையில் கொட்டாமல் கட்டி, மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். கையைத் தட்டி விரட்டுவதிலும், பளபளக்கும் தாளைக் கட்டித் தொங்கவிடுவதிலும் குற்றமில்லை. இவ்வளவும் செய்த பிறகும் ஒரு காகம் மனிதர் தலையில் கொத்துகிறது, குழந்தைமீது பாய்கிறது என்றால் அதை நீக்குவது ஆகும். அதையும் அந்த வேலைக்கென்று உள்ளவர்கள் சட்டப்படி, வேதனை நீளாதபடி செய்யட்டும். அப்போதும் கூட்டில் குஞ்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். குஞ்சுகளை எடுத்த பறவை பதறிச் சுற்றியதைக் கண்டு, இதன் குஞ்சுகளை எடுத்து இதை வருத்தியவர் யார், திருப்பி வையுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பிரயாணத்தில் உத்தரவிட்டதை அபூதாவூதில் படிக்கிறோம்.

கூடு நிறைந்த மரம் கடை வரிசையில் நின்றாலும், குப்பை வண்டி நாள் தவறி வந்தாலும் ஒவ்வொருவரும் தனித்தனியே சலித்துக்கொள்வதில் பயனில்லை. பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே மனுவாக ஈப்போ மாநகர் மன்றத்துக்கு எழுதுங்கள். மரம் நிற்கும் இடம், எந்த நேரத்தில் தொல்லை அதிகம், குப்பை எடுக்காத தேதிகள், இவற்றைக் குறித்துப் படமும் இணைத்தால் நல்லது. நம் ஆட்களோடு அடுத்த கடைச் சீனரும் கச்சாங் பூத்தேக்காரரும் கையெழுத்துப் போடட்டும். காகம் எல்லாருக்கும் பொது. மனு எழுதத் தெரியாதவர்கள் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் சங்கத்துக்கு வந்தால் எழுதித் தர ஆள் இருப்பார், இன்ஷா அல்லாஹ்.