கற்பகமும் புன்னையும்



போன வாரம் சமய வகுப்பில் ஒரு தங்கை கேட்டாள்: "அண்ணா, கேட்டதெல்லாம் கொடுக்குற கற்பக மரம் உண்மையிலேயே இருக்கா?" தேவலோகத்துல இருக்கும்மா என்று சொல்லிச் சிரித்துவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகுதான் அந்தப் பதில் உறுத்தியது.

மயிலாப்பூரில் அம்பாளுக்குப் பெயரே கற்பகாம்பாள். ஆனால் அந்தக் கபாலீசுவரர் கோயிலின் தல விருட்சம் கற்பகம் இல்லை, புன்னை. சாபத்தால் மயிலான அம்பாள் அந்தப் புன்னையடியில்தான் சிவனைப் பூசித்தாள் என்கிறது தலபுராணம். கேட்டதைக் கொடுக்கும் மரத்தின் பெயரைச் சுமக்கிற தாயே, தனக்கு வேண்டியதைக் கேட்க ஒரு கடற்கரை மரத்தடிக்குப் போனாள், பாருங்க!

புன்னை நமக்குத் தூரத்து மரமில்லை. மலாயில் அதைத்தான் பெனாகா லாவுட் என்கிறார்கள். 1786இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய முனைக்குத் தஞ்சோங் பெனாகா என்று பெயர். இப்போது கோர்ன்வாலிஸ் கோட்டை இருக்கிற இடம். ஜோர்ஜ்டவுன் என்ற பெயரெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான். (பினாங்கு என்றால் பாக்கு மரம், அது உங்களுக்கே தெரியும்.)

நற்றிணையில் ஒரு பாட்டு. சிறுமிகள் விளையாட்டாக மணலில் புதைத்த புன்னை விதை முளைத்துவிடுகிறது. பாலும் நெய்யும் ஊற்றி வளர்க்கிறார்கள். அம்மா அந்த மரத்தை அவர்களுடைய தங்கை என்கிறாள். பெரியவளான பிறகு, அந்த நிழலில் காதலனோடு சிரித்துப் பேசவே கூச்சமாக இருக்கிறதாம்.

இதையெல்லாம் பேசுகிற நான் செய்ததைக் கேளுங்க. பல வருடத்துக்கு முன்பு எங்கள் கோயில் வாசலில் ஒரு பெரிய மாமரம் நின்றது. கார் நிறுத்த இடமில்லை, வெட்டலாம் என்றார்கள். கூட்டத்தில் நானும் கை தூக்கினேன். இப்போது அங்கே எட்டு கார் நிற்கும். பூசை முடிந்ததும் அவரவர் ஏறிப் போய்விடுகிறோம்.

முன்பெல்லாம் அர்ச்சனை முடிந்து பாட்டிமார்கள் அந்த மரத்தடியில் உட்காருவார்கள். யார் வீட்டில் வேலை போச்சு, யார் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டவில்லை என்று பேச்சு ஓடும். அடுத்த நாள் அந்த வீட்டுக்கு அரிசி போயிருக்கும். கேட்டது யார், கொடுத்தது யார், ஒருத்தருக்கும் தெரியாது.

அந்தத் தங்கைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: இருந்துச்சும்மா. வெட்டச் சொன்னதுல அண்ணனும் ஒருத்தன்.

கோயில் பின்புறம் ஒரு புன்னைக் கன்று வைக்க அனுமதி கிடைத்திருக்கிறது. ஞாயிறு காலை எட்டு மணிக்கு வாங்க. வீட்டில் மண்வெட்டி இருந்தால் கொண்டு வாங்க. பாட்டியையும் கூட்டிக்கிட்டு வாங்க.